கடைசி இரண்டு பக்கம்

"கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்கள் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். கண்ணாடி வழியாக அந்தக் கோளைக் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அது சின்னதாகிக்கொண்டே போயிற்று."

முடித்துவிட்டு மாஹிரா புத்தகத்தை மூடினாள். மூடிய பிறகும் ஒரு விரல் பக்கங்களுக்கு நடுவிலேயே இருந்தது.

"அதுல அப்படி இல்லையே" என்றார் அயூப்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. நேற்றிலிருந்தே அவர் பேசுவதில் பாதி பொருந்தவில்லை. ரத்தத்தில் உப்பு ஏற ஏறப் பேச்சு குழறும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். டயாலிசிஸ் மிஷினில் போட்டால் பிரஷர் தாங்கவில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அதனால் மாஹிரா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுல அத்தா?"

"இந்தக் கதைல. அவன் ஊருக்குப் போகல."

தெளிவாகத்தான் சொன்னார். பார்வை போன கண்கள் மேலே சுற்றும் காற்றாடிப் பக்கம் நிலைத்திருந்தன. அனகாபுத்தூரின் அந்தக் குறுகலான தெருவில் காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அடுத்த வீட்டில் யாரோ பம்ப்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

சர்க்கரை முதலில் அவருடைய கண்ணை எடுத்துக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தை. கண் போய் நான்கு வருஷம். அதற்கு முன் அவர் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக். எட்டாவது வரைதான் படிப்பு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஓட்டை மின்விசிறிக்கும் பழைய டயருக்கும் நடுவே சாக்கு விரித்துப் போட்டிருக்கும் இங்கிலீஷ் புத்தகங்களில், அட்டையில் ராக்கெட்டோ வேறு கிரகமோ இருந்தால் எடுத்துக்கொள்வார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் செலவழித்துப் படிக்கக் கற்றவர், பத்து வருஷத்தில் அகராதியைத் தூக்கி வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தக் கதைகளைச் சொல்வார். சனிக்கிழமை ஒரு கதை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கதை. மாஹிரா சோற்றைப் பிசைந்தபடி வாயைப் பிளந்து கேட்டிருப்பாள்.

கண் போன பிறகு அது தலைகீழானது. வேலை முடிந்து வந்ததும் அவள் படிப்பாள். இங்கிலீஷில் கண் ஓடும். வாய் தமிழில் சொல்லும். கதை முடிந்ததும் அவர் சற்று நேரம் சும்மா இருப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். "நல்லா முடிச்சிருக்கான்." அல்லது, "ஏமாத்திட்டான், ராஸ்கல்." சில கதைகளுக்கு மட்டும், "இன்னொரு தரம் அந்தக் கடைசியைப் படி" என்பார்.

தாம்பரத்தில் அவளுக்கு மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே அடிக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டினாலும் தப்பு, விட்டாலும் தப்பு. தப்பு எண்ணுவதற்கென்றே தனியாக ஆட்கள் உண்டு. அங்கே அவளைப்போலச் சுத்தமாக அடிப்பவள் இல்லை என்று பெயர்.

வீட்டில்தான் எட்டு மாதமாகத் தப்பு செய்துகொண்டிருந்தாள்.

ஆரம்பித்து வைத்தது அவளுடைய அம்மா பஷீரா. டயாலிசிஸ் தொடங்கிய வாரம், சந்திரனில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையை மாஹிரா படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா அடுக்களையிலிருந்து வந்து கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். "செத்துப்போறது, திரும்பி வராதது, இதெல்லாம் இனிமே இந்த வூட்டுல படிக்காதே. இல்லன்னா மாத்திப் படி. அவருக்கு என்னா தெரியப்போவுது." மாஹிரா உள்ளே வந்து அந்தப் பெண்ணைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அன்றைக்கு அத்தா தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். அதன்பிறகு பதினைந்து கதையாவது மாற்றியிருப்பாள்.

"இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தா? புதுப் புத்தகம் இது. போன மாசம்தானே லாசரஸ் சார் குடுத்தாரு."

"அவன்கிட்ட நான்தான் தேடச் சொன்னேன். ரெண்டு மாசம் தேடினான்." மூச்சு வாங்கிக்கொண்டார். லாசரஸ் சந்தையில் புத்தகம் விற்பவர். அத்தாவுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். "என்கிட்ட இருந்தது வெள்ளத்துல போயிட்டுது. நான் முதமுதல்ல வாங்கினது அதான். மூணு மாசம் ஆச்சு, அந்த ஒரு கதையைப் படிக்க."

மாஹிரா புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையில் ஒரு சின்னக் கூண்டு வீடு, சிவந்த வானம்.

"அப்ப மத்ததெல்லாம்..."

"சந்திரன்ல மாட்டிக்கினாளே ஒரு பொண்ணு. அவளும் வந்திருக்க மாட்டா, இல்ல?"

அவள் புத்தகத்தின் முதுகை விரலால் தடவினாள்.

"ஓடற மிஷின் சத்தம் மாறினா எனக்குத் தெரியாதா. எழுதறவன் ஒரு எடத்துக்குப் போவறதுக்கு வழி வெட்டிக்கினே வருவான். நீ கடைசில வேற தெருவுல திரும்பிடுவே."

"ஏன் அத்தா சொல்லல?"

"நீ நல்லாத்தான் சொன்னே." உதடு காய்ந்து வெடித்திருந்தது, நாக்கால் தடவிக்கொண்டார். "ஆனா இது வேணாம். கப்பல் வராதுன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் தெனம் எழுந்து வெப்பம் எவ்ளோ, மழை எவ்ளோன்னு அளந்து எழுதறான் பாரு. அதான் கதை. நீ அவனைக் கப்பல்ல ஏத்திட்டா அவ்ளோ நாள் அளந்தது எங்க போச்சு?"

இவ்வளவு பேசியதில் அவருக்கு மார்பு ஏறி இறங்கியது. மாஹிரா ஸ்பூனில் தண்ணீர் விட்டாள். பாதி கடைவாயில் வழிந்தது.

"கடைசி ரெண்டு பக்கம். உள்ளபடி படி."

வாசலில் டிவிஎஸ் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

பெரியத்தா கமாலுத்தீன் கையில் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார். அத்தாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர். பம்மலில் தோல் ஷெட்டில் நாற்பது வருஷம் வேலை செய்து நகங்கள் பழுப்பேறியிருந்தன. கட்டிலருகே வந்து தம்பியின் பாதத்தைத் தொட்டார். கெண்டைக்கால் வரை கையை நகர்த்தினார். முகம் மாறியது.

"பஷீரா."

"சொல்லுங்க மச்சான்." அம்மா அடுக்களை வாசலில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"கால் சில்லுனு ஆயிடுச்சு. எப்பத்திலேர்ந்து?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. மாஹிராவுக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரமாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"கட்டிலைத் திருப்பணும். மேக்கால, மக்கா பக்கமா முகம் இருக்கட்டும். மாஹிரா, ஒரு கை பிடிம்மா."

சின்ன அறை. கட்டில் திரும்ப வழியில்லாமல் சுவரோரம் தகரப் பெட்டி இருந்தது. வெள்ளத்தில் மிஞ்சிய புத்தகங்கள் அதில்தான். பெரியத்தா குனிந்து அதை இழுத்தார். தரையில் கீச்சென்று கோடு விழுந்தது. வாசலுக்கு வெளியே தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, இடமில்லை. ஆனாலும் மாஹிரா வாசல்வரை போய்ப் பெட்டி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். ஜும்ஆ தொழுதுவிட்டு நேராகச் சந்தைக்குப் போகிற தம்பியை இந்தப் பெரியத்தா எத்தனை தடவை தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். அல்லா படைச்ச துன்யாவையே நீ இன்னும் முழுசாப் பாக்கல, இல்லாத துன்யாவைப் படிச்சுக்கினு கீறே. அத்தா சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

கட்டிலைத் திருப்பினார்கள். அயூப் முனகினார்.

"அயூபு, நான்தான். கமாலு. மக்காலேர்ந்து வந்த ஜம்ஜம் தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"அண்ணே."

"இன்னா வேணும் சொல்லு."

"மாஹிரா படிக்கணும்."

பெரியத்தா அவளைப் பார்த்தார். பார்வை இறங்கி அவள் கையிலிருந்த புத்தகத்தில் நின்றது.

"அப்புறம் படிக்கலாம்" என்றார் மெதுவாக. "இப்ப நான் சொல்றதைக் கூடவே சொல்லு. லா இலாஹ..."

"அண்ணே. ரெண்டு பக்கம்தான்."

"அயூபு, நேரம் இல்லடா."

அந்த வார்த்தையை அதுவரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அத்தாவின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்" என்றார்.

அம்மா மாஹிராவை அடுக்களைக்குள் இழுத்தாள். "என்னாத்தைடி படிக்கச் சொல்றாரு?"

"கடைசிப் பகுதிய. மாத்தாம."

"அதுல என்னா வருது?"

"செத்துப்போயிடறான்."

"படிக்காதே." அம்மா அவளுடைய மணிக்கட்டை அழுத்தினாள். "நான் சொல்றேன், படிக்காதே. உயிரை வாங்கற மலக்கு தலைக்கு மேல வந்து நிக்கற நேரம். நீ படிச்சு முடிக்க அவரு உயிரு போச்சுன்னா, நீதான் முடிச்சு வெச்சேன்னு சாவற வரைக்கும் எனக்குத் தோணும். என்னால அதைச் சுமக்க முடியாது."

"அவருக்கு எல்லாமே தெரியும்மா. நாம மாத்தினது எல்லாமே. முதல் நாள்லேர்ந்து."

அம்மாவின் பிடி தளர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா அடுப்பை அணைத்தாள்.

மாஹிரா திரும்பி வந்தபோது பெரியத்தா தம்பியின் காதருகே குனிந்திருந்தார். முதுகு குலுங்கியது. "நீ சொல்லாம போயிட்டேன்னா நாளைக்கு மறுமையில அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? உன்ன என் கையில குடுத்துட்டுப் போனாங்கடா. அஞ்சு வயசுல உனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நான்தானேடா."

அத்தாவின் கை படுக்கையில் துழாவியது. அண்ணனின் தாடி தட்டுப்பட்டதும் அங்கேயே நின்றது.

பிறகு சொன்னார். குழறாமல், ஒவ்வொரு எழுத்தாக, ஐந்து வயதுப் பையன் சொல்வதுபோல முழுக் கலிமாவையும் சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். வலது கையை அண்ணனின் தாடியிலிருந்து எடுத்து மாஹிரா இருந்த பக்கமாகத் திருப்பி, ஒரு விரலை இரண்டு முறை ஆட்டினார்.

பெரியத்தாவுக்கு முதலில் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலைப் பார்த்தார். பிறகு மாஹிராவைப் பார்த்தார். அத்தாவின் உதடு மறுபடியும் பிரியப் போனது. பெரியத்தா சட்டென்று தன் கையை அதன்மேல் மென்மையாக வைத்தார்.

"பேசாதே. நீ பேசினா மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லணும். கடைசிப் பேச்சு கலிமாவாவே இருக்கட்டும்." கையை எடுக்காமலே சொன்னார்: "நீ படிம்மா. அவன் கேக்கட்டும்."

"பெரியத்தா..."

"படி. சீக்கிரம்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். விரல் வைத்திருந்த இடத்தில் புத்தகம் தானாகத் திறந்தது. எழுத்துகள் ஒரு கணம் கலங்கின. சற்று முன் இதே வரிகளைத் தாண்டித்தான் வேறு பக்கம் திரும்பினாள். குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"கப்பல் வந்தபோது நாற்பது வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வயதானவர், இன்னொருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். கதவு பூட்டியிருக்கவில்லை."

நிறுத்தினாள். இங்கே ஒரு வரியை விட்டுவிட்டால்கூடப் போதும். உள்ளே ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம். எங்கோ போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். நிமிர்ந்து பார்த்தாள். அத்தாவின் முகம் மேற்கே திரும்பியிருந்தது. புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது. ஓடுகிற கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அவன் மேஜையருகே நாற்காலியில் இருந்தான். இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது."

அடுக்களை வாசலில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போகவில்லை.

"சுவர் முழுக்க அலமாரிகளில் தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன. வயதானவர் முதல் தாளை எடுத்துப் பார்த்தார். நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். தேதி, வெப்பம், காற்று, மழை. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மேஜைமேல் இருந்த கடைசித் தாளில் கையெழுத்து கோணலாக இருந்தது. ஆனால் எண்கள் சரியாக இருந்தன. மழை இல்லை என்று எழுதியிருந்தது. குறிப்பு என்ற இடத்தில் அவன் ஒன்றும் எழுதவில்லை."

பக்கத்தைப் புரட்டினாள். பெரியத்தா ஸ்பூனில் ஜம்ஜம் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, ஊட்ட மறந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனை அடக்கம் செய்ய வேண்டும் என்றார் வயதானவர். ஆமாம் என்றாள் அவள். ஆனால் உடனே வரவில்லை. வெளியே போனாள். மழையளக்கும் குவளையைக் குனிந்து பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. உள்ளே வந்து பென்சிலை எடுத்தாள். அவன் விட்ட வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டாள்."

முடிந்தது.

அறையில் காற்றாடிச் சத்தம் மட்டும் இருந்தது. மாஹிரா காத்திருந்தாள். கதை முடிந்ததும் எப்போதும் வருகிற அந்தச் சில கணங்கள். அத்தாவின் தொண்டைக்குழி அசைந்தது. உதடு நடுங்கியது. சொல்ல வந்துவிட்டார் என்று தெரிந்தது. எதைச் சொல்ல வந்தார் என்பதும் உதட்டின் கோணலில் பாதி தெரிந்த மாதிரி இருந்தது. அவள் முழங்காலில் எழுந்து முகத்தருகே போனாள்.

"வேணாம் அத்தா" என்றாள். "பேசாதீங்க."

உதடு மூடிக்கொண்டது.

பெரியத்தா ஸ்பூனை வாயருகே கொண்டுபோனார். கொஞ்சம் உள்ளே போயிற்று. பிறகு அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் சூரா ஓத ஆரம்பித்தார். மனப்பாடம். குரல் முதலில் உடைந்து பிறகு சமனாயிற்று. அம்மா வந்து கால்மாட்டில் உட்கார்ந்து சில்லிட்ட பாதங்களை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஒரு பெண் யாரையோ பள்ளிக்கு நேரமாகிறது என்று கத்தினாள். எந்த மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. பெரியத்தா ஓதி முடித்துக் குனிந்து பார்த்தபோது முடிந்திருந்தது.

"இன்னா லில்லாஹி" என்று தொடங்கி மேலே சொல்ல முடியாமல் நின்றார்.

அம்மா பாதங்களை மடியிலிருந்து எடுக்கவில்லை. மாஹிராவைப் பார்க்காமல் கேட்டாள்: "படிச்சு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்மா."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மாஹிராவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெள்ளிக்கிழமை; ஜும்ஆ முடிந்ததும் தொழவைத்து அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள். பள்ளிவாசலிலிருந்து உடலைத் தூக்கிப்போகும் சந்தூக் வந்தது. தெருவில் துணி கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். உடலில் சுற்றும் கஃபன் துணியின் புது வாசனையும் சூடமும் அத்தரும் வீடு முழுக்கப் பரவின. வந்த பெண்கள் பஷீராவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலிமா சொன்னாரா என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். அப்புறம் என்ன நடந்தது என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்று மாஹிரா காத்திருந்தாள்.

"சொன்னாரு" என்றாள் அம்மா ஒவ்வொரு முறையும். "தெளிவாச் சொன்னாரு. அதுக்கப்புறம் வாயே தொறக்கல."

முகத்தை மூடுவதற்கு முன்னால் மாஹிராவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சந்தூக் தெருமுனை திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள். வாசல் ஓரம் இருந்த தகரப் பெட்டியின்மேல் யாரோ செருப்பை விட்டுப் போயிருந்தார்கள். மாஹிரா அதை எடுத்துக் கீழே வைத்தாள்.

மூன்று மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். கொஞ்சம் நின்று பேசிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பெரியத்தா மட்டும் உள்ளே வரவில்லை. குழிக்குள் இறங்கித் தம்பியை வாங்கி வைத்தவர் அவர்தான் என்று யாரோ சொன்னார்கள். எழுபத்திரண்டு வயதில் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம்.

மாஹிரா வெளியே போனாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. இரண்டு கைகளையும் எதிலும் படாமல் முழங்காலுக்கு முன்னால் நீட்டி வைத்திருந்தார். முழங்கை வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணி கொண்டாரட்டுமா பெரியத்தா?"

அவர் தலையசைத்தார்.

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். மண் கரைந்து படி வழியாக இறங்கியது. நகங்களுக்கடியில் இருந்தது மட்டும் போகவில்லை. ஒவ்வொரு நகமாகக் கட்டைவிரலால் சுரண்டினார். சொம்பு காலியானது. அவள் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அவர் கைகள் அதே இடத்தில் நீட்டியபடியே இருந்தன.

அவள் மறுபடியும் ஊற்றினாள். கைகள் சுத்தமான பிறகும் அவர் எடுக்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. தெருவின் புழுதியில் தண்ணீர் ஒரு பக்கமாக வழி தேடிக்கொண்டு போயிற்று.